இருநூத்துப் பதினாறு குட்டியானையும் ஒரு தொண்டையும்

தவமணி மதினி காலையில குளிச்சிட்டு வந்து, "ஏய்யா, துண்ட எங்கய்யா வச்சே, எம்புட்டு நேரந்தான் ஈரத்தோட நிக்கிறது"ன்னு புருஷங்கிட்ட கேட்டது ஒட்டன்சத்திரத்துல அவுக வீட்டுக்குள்ள மட்டும் கேட்டிருந்தா இந்தக் கதையே கெடையாது, ஆனா அது பழனி அடிவாரத்துல கேட்டுச்சு, வேடசந்தூர்ல கேட்டுச்சு, வத்தலக்குண்டுல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கேட்டுச்சு, தாராபுரத்துல ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல சரியா தாலி கட்டுற நேரம் பாத்துக் கேட்டுச்சு, மொத்தத்துல நாலு ஜில்லாவுல வெங்காயம் வித்துக்கிட்டிருந்த இருநூத்துப் பதினாறு குட்டியானை வண்டியிலயும், மேல கட்டியிருக்கிற ஸ்பீக்கர் கொழாயிலருந்து, ஒரே நேரத்துல கேட்டுச்சு.

நான் அப்ப பழனி அடிவாரத்துல என் குட்டியானைய நிப்பாட்டி ரெண்டு கிலோ போட்டுக்கிட்டிருக்கேன். எதுத்தாப்புல வாளியோட நின்ன அம்மா ஸ்பீக்கர நிமிந்து பாத்து, "கொடியில பாரும்மா"ன்னுச்சு. கொஞ்ச நேரத்துல ஸ்பீக்கரு, "ம்ம், கொடியிலதான் கெடக்கு"ன்னுச்சு. வாளிக்கார அம்மாவுக்கு அப்படி ஒரு திருப்தி. "நான்தான் சொன்னேன்ல"ன்னுட்டு, ஒரு வெங்காயத்த கூடப் போடச் சொல்லி வாங்கிட்டுப் போயிருச்சு. அம்புட்டுத்தான். யாரும் வாயப் பொளக்கல, யாரும் சாமி ஆடல. வெங்காயத்துல அழுகல் பொறுக்குற நேரத்துல ஆச்சரியப்பட யாருக்கு நேரம் இருக்கு?

அந்தக் குரல் எப்படி அத்தன வண்டிக்குள்ள போச்சுன்னு சொல்லிப்புடுறேன். மதினியோட வீட்டுக்காரரு கோட்டைச்சாமி அண்ணே, நமக்கு ஒண்ணுவிட்ட அண்ணே, மொத மொத வெங்காய யாவாரத்துக்குக் குட்டியானை எடுத்தவரு. ஆளு மல மாதிரி இருப்பாரு, குரல் மட்டும் தண்ணிக் கொழாயில காத்து வர்ற மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு வரும். அவரு "வெங்காயம்"னா பக்கத்துல நிக்கிறவனுக்கே "என்னது, காயமா?"ன்னு கேக்கத் தோணும். அதனால மதினியே கெளம்பிப் போயி, மார்க்கெட்டுக்கு எதுத்தாப்புல இருக்கிற சுந்தரவடிவேல் மொபைல்ஸ் கடையில, சொவரு பூராம் முட்ட அட்டை ஒட்டின பின்ரூம்புல உக்காந்து, தானே சொல்லு கோத்து, தானே ராகம் போட்டு, ஒரே மூச்சுல பேசிக் குடுத்துச்சு:

"வாங்கம்மா வாங்க, வாசலுக்கு வாங்க, உரிச்சாக் கண்ணுல தண்ணி, வதக்குனா நாக்குல தண்ணி, பல்லாரி வெங்காயம், பளபளக்குற வெங்காயம், நாலு கிலோ நூறு, நாலே கிலோ நூறு... போதுமாண்ணே?"

கடைசியில வர்ற அந்த "போதுமாண்ணே" யாவாரத்துக்கு இல்ல, பதிவு பண்ற மிஷினுக்கு முன்னாடி உக்காந்திருந்த சுந்தரவடிவேலப் பாத்துக் கேட்டது. அந்த மனுசன் அத வெட்டாம விட்டுட்டாரு. அதுவே நல்லாத்தான் இருந்துச்சு, தெருவுல போற ஆம்பளைகளுக்கெல்லாம் யாரோ அக்கறையா கேக்குற மாதிரி.

சுந்தரவடிவேல் அதுக்குப் பெறகு ஸ்பீக்கர் விக்கிறப்பெல்லாம் கூடவே ஒரு பென் டிரைவுல அந்தக் குரலையும் போட்டு வித்தாரு. அவருகிட்ட வாங்குனவன்கிட்டருந்து அடுத்தவன் எடுத்தான், அவன்கிட்டருந்து வேடசந்தூர் பக்கம் வண்டி ஓட்டுற மோசஸ் எடுத்தான், மோசஸ்கிட்டருந்து நான் எடுத்தேன். இந்த வெயிலுமுத்து திருடிட்டான்னு யாரும் சொல்லிறாதீங்க, சத்தியமா நாங்க ஒருத்தரும் அத ஒரு மனுசியோட பொருளா நெனைக்கல. வண்டி வாங்குனா ஹாரன் வருதா இல்லையா? அது யாரு குரல்னு எவனாவது கேக்குறானா? ஸ்பீக்கரு வாங்குனா வெங்காயக் குரலு வரும், அம்புட்டுத்தான்னு இருந்தோம். மதினியும் மூணு வருசமா அதப் பத்தி ஒண்ணும் கேக்கல. அப்பறந்தான் துண்ட எங்கன்னு கேட்டுச்சு.

அன்னியிலருந்து மதினி வாயத் தொறந்தா இருநூத்துப் பதினாறு கொழாயும் தொறந்துச்சு, மதினி மூடுனா அத்தனையும் மூடுச்சு, மதினி தும்முனா நாலு ஜில்லாவும் "ஆயுசு நூறு"ன்னுச்சு. ஒரு வாரந்தான், அதுக்குள்ள ஊரு பழகிக்கிச்சு. நெலக்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்து எட்மாஸ்டரு மதினி பத்து மணிக்குக் கொட்டாவி விடுறதக் கணக்கா வச்சு ரெண்டாவது பீரியடுக்கு மணி அடிச்சாரு. நத்தத்துல பொம்பளைக மதினி கொழம்புக்குப் புளி கரைக்கிறதக் கேட்டுட்டு, "அம்புட்டுப் புளி ஆகாதுப்பா, அதுகிட்டச் சொல்லு"ன்னு வெங்காயக்காரன்கிட்ட சேதி சொல்லிவிட்டாக. வேடசந்தூர்ல ஒரு டைலரம்மா, மதினி "இந்தச் சட்டை கையில புடிக்குது"ன்னு சொன்னதக் காதுல வாங்கி, அளவே எடுக்காம, குரல வச்சே ஒரு ஜாக்கெட்டு தச்சு மோசஸ் வண்டியில குடுத்துவிட்டுச்சு, போட்டுப் பாத்தா அச்சு அசலா பொருந்துது. மத்தியானம் சாப்பிட்டு மதினி ஒரு மணி நேரம் கண்ணசந்தா, நாலு ஜில்லாவுலயும் வேப்பமரத்து நெழல்ல நிக்கிற குட்டியானைகளெல்லாம் மெதுவா கொறட்ட விடும், அந்தக் கொறட்டையில தெரு நாயி படுக்கும், தொட்டில்ல புள்ள தூங்கும், ரேசன் கடைக்காரரு தலைய மேசையில சாய்ச்சிருவாரு.

யாவாரத்துலதான் கொஞ்சம் இடிச்சுச்சு. மதினி அதோட வண்டியில யாரோ ஒரு கெழவிகிட்ட பேரம் பேசி, முடியாம, "சரி ஒழியட்டும், அஞ்சு கிலோவா எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லிருச்சுன்னு வைங்க, அன்னிக்குப் பூராம் மத்த இருநூத்துப் பதினஞ்சு வண்டியும் அஞ்சு கிலோதான் போடணும். "உங்க ஸ்பீக்கருதானே சொல்லுச்சு, இப்ப என்ன நாலு கிலோங்கிற?"ன்னு பொம்பளைக சண்டைக்கு வருவாக. ஆனாலும் கூட்டம் குமிஞ்சுச்சு. வெங்காயம் வேணாதவுகளும் வந்து நின்னாக. "என்னப்பா, இன்னிக்கு இன்னும் பேசல?" "இப்பத்தான் பல்லு வெளக்குது, இருங்க." மதினிக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு நாளு இருமுனப்ப எங்க வண்டிகள்ல ஏழு பாட்டில் கசாயம் ஒட்டன்சத்திரத்துக்கு வந்து சேந்துச்சு.

வெள்ளிக்கிழம ஒருநாளு, கோட்டைச்சாமி அண்ணே பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டுப் போயி, அவராவே தலையில வச்சுவிட்டிருக்காரு. மதினி சும்மா, "ச்சீ, விடுய்யா, பட்டப்பகல்ல"ன்னு சொல்லிருச்சு. வத்தலக்குண்டுல நாப்பது பொம்பளைக ஒரே நேரத்துல வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாக. மறுநாளு அண்ணே அங்க லோடு எறக்கப் போனா, அவரப் பாத்த ஒவ்வொருத்தரும், "என்னண்ணே, பட்டப்பகல்லயேவா?" அந்த மனுசன் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்தவரு மூணு நாளு வாசப்படி தாண்டல. அதுலருந்து ரெண்டு பேரும் கையாலதான் பேச்சு. ரசம் வேணும்னா மூக்க உறிஞ்சிக் காட்டுவாரு. அது மொளகு ரசமா தக்காளி ரசமான்னு மதினி கேக்கணும்னா என்ன செய்யும், சொல்லுங்க? தக்காளிய எடுத்துக் காட்டும். அவரு தலைய ஆட்டுவாரு. அப்பறம் ரெண்டு பேரும் குனிஞ்சுக்குவாக.

ஒருநாளு மதினி என்னையக் கூப்புட்டுச்சு. எல்லாருக்கும் கேக்கும்னு தெரிஞ்சே சொல்லுச்சு.

"வெயிலு, எனக்குன்னு ஒரு பெருமூச்சு விட முடியலப்பா. எல்லாரும் அதக் கழட்டிப் போடுங்களேன்."

"ஆகட்டும் மதினி"ன்னேன். என் குரல்ல இல்ல, எங்க ஊரு எம்எல்ஏ சொல்ற மாதிரி சொன்னேன், எனக்கு அப்படித்தான் வரும், யாரு குரலாயிருந்தாலும் வரும், சொந்தக் குரல்ல சொல்லுடான்னா மட்டும் நாக்கு ஒட்டிக்கும். மதினி சிரிக்கல. நான் வீட்டுக்கு வந்தேன், பென் டிரைவக் கழட்டல. மோசஸும் கழட்டல. இருநூத்துப் பதினஞ்சு பேரும் "பாவம் தவமணி"ன்னோம், ஒருத்தனும் கழட்டல. யாவாரம் அப்படி.

அதனால மதினி நேரா சுந்தரவடிவேல்கிட்டயே போச்சு. "அண்ணே, என் குரல எல்லாத்துலருந்தும் அழிச்சிருங்க, ஆரம்பிச்சது நீங்கதானே"ன்னுச்சு. சுந்தரவடிவேலு பேசுனா தகர டப்பாவுல கூழாங்கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கும். அவரு கல்லாப் பெட்டிக்குப் பின்னாடி மாட்டியிருந்த, சிங்க முத்திர போட்ட, பளபளன்னு லேமினேசன் பண்ணின ஒரு தாளக் கையக் காட்டுனாரு.

"ஒன் குரலா? எது ஒன் குரலு? மிஷினு என்னது. ரூம்பு என்னது. முட்ட அட்டை என்னது. இங்க பாரு, கவர்மெண்டுல பதிஞ்சாச்சு. இனிமே அந்தக் குரலு சுந்தரவடிவேல் ஆடியோஸுக்குச் சொந்தம்."

"அப்ப நான் எந்தக் குரல்ல பேசுறது?"

"கொஞ்சம் கரகரன்னு மாத்திப் பேசிப் பழகும்மா. இல்லாட்டி லைசென்சு எடுத்துக்க. ஊருக்காரப் பொண்ணு, பாத்துச் செய்யிறேன்."

நாலாம் நாளு வக்கீல் நோட்டீசு வந்துச்சு. அண்ணே புஸ்ஸு புஸ்ஸுன்னு எழுத்துக் கூட்டிப் படிச்சாரு: மேற்படி ஓசையை எதிர்மனுதாரராகிய தாங்கள் எந்தத் தெருவிலும், எந்த வியாபாரத்திற்காகவும், வாயினாலோ பிற உறுப்புகளாலோ எழுப்பக் கூடாது. "பிற உறுப்புன்னா என்ன?"ன்னு அண்ணே கேட்டாரு. மதினி வாய மூடிருச்சு. கோவத்துல மூடுனது மூடுனதுதான்.

அன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நாலு ஜில்லாவும் கம்முனு ஆயிருச்சு. பென் டிரைவுல இருக்கிற அந்த "உரிச்சாக் கண்ணுல தண்ணி" கூட வரல, எல்லாக் கொழாயும் வாயத் தொறந்துக்கிட்டு வெத்தாக் கெடந்துச்சு. பழனியில வாளிக்கார அம்மா வாளியோட வந்து ரொம்ப நேரம் நின்னுட்டு, "ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு. மறுநாளு நெலக்கோட்டையில ரெண்டாவது பீரியடு சாயங்காலம் வரைக்கும் ஆரம்பிக்கவே இல்ல. மத்தியானம் புள்ளைக தூங்க மாட்டேன்னுதுக. வெங்காயம் வண்டியிலயே மொளவிட ஆரம்பிச்சுச்சு. எட்டு நாளாச்சு, ஒம்பது நாளாச்சு, எங்க ஆளுக வரிச வரிசயா மதினி வீட்டு வாசல்ல வந்து நின்னாக. "பேசு மதினி." "ஒரு வார்த்த, சும்மா 'வெங்காயம்'னு மட்டும்." "எங்க புள்ளைக வயித்த நெனைச்சுப் பாரு தாயி." மோசஸ் முட்டி போட்டுட்டான். மதினி எல்லாரையும் பாத்துச்சு, கதவச் சாத்திருச்சு.

பத்தாம் நாளு மதினி என்னையும் அண்ணனையும் கூட்டிக்கிட்டுத் திண்டுக்கல்லுக்கு ஜெசிந்தா வக்கீலம்மாகிட்டப் போச்சு. வாயத் தொறக்க மாட்டேங்குது, அண்ணே சொன்னா யாருக்கும் கேக்காது, அதனால மதினி கையால சொல்லச் சொல்ல நான் எடுத்துச் சொன்னேன், மதினி குரல்லயே. அந்த இழுவை, அந்தச் சிணுக்கு, எல்லாம் அப்படியே.

வக்கீலம்மா கண்ணாடியக் கழட்டுச்சு. "நிறுத்துங்க. நீங்க யாரு?"

"கொழுந்தன்."

"நீங்களும் ஒரு காப்பிதானா?"

மதினி பத்து நாளைக்கப்பறம் லேசாச் சிரிச்சுச்சு, சத்தம் வராம.

அண்ணே அந்த லேமினேசன் தாள போனுல படம் புடிச்சு வச்சிருந்தாரு. வக்கீலம்மா அதப் பெருசு பண்ணிப் பாத்துச்சு, அப்பறம் இன்னும் பெருசு பண்ணிப் பாத்துச்சு, அப்பறம் மேசையத் தட்டிச் சிரிச்சுச்சு. "இது பதிவு பண்ணின பத்திரம் இல்லீங்க. பதிவு பண்ணுங்கன்னு மனுக் குடுத்ததுக்கு ரசீது. பஸ் டிக்கெட்ட லேமினேசன் பண்ணி வச்சுக்கிட்டு பஸ்ஸு என்னதுன்னு சொல்றாரு." சிங்கத்தப் பாத்ததும் நாங்க அத்தன பேரும் கும்பிட்டுட்டு வந்திருக்கோம், ஒருத்தனும் கீழ என்ன போட்டிருக்குன்னு படிக்கல. மனுவோட நகலும் வக்கீலம்மா வாங்கிப் பாத்துச்சு. அதுல அவரு உண்டாக்குன சொல்லுன்னு மதினி சொல்லு அத்தனையும் டைப் அடிச்சிருக்காரு, கடைசியில "போதுமாண்ணே"வையும் சேத்து. "அவரே பேசுனதுன்னா அந்த அண்ணே யாரு?"ன்னு வக்கீலம்மா கேட்டுச்சு.

அப்பறம் மதினியப் பாத்து மெதுவாச் சொல்லுச்சு: "அம்மா, ஒரு பாட்ட, ஒரு சொல்ல, ஒரு குரல யாரு உண்டாக்குறாங்களோ, உண்டாக்குன அந்த நிமிசமே அது அவங்களோடது. ஆபீசுல பதியறது ஒரு சாட்சிக்குத்தான், பதியலைன்னா இல்லைன்னு ஆயிராது. ஆனா ஒண்ணு, கோர்ட்டுல நீங்க வாயத் தொறக்கணும்."

மதினி சரின்னு தலைய ஆட்டுச்சு.

ரெண்டு பக்கமும் மனுப் போட்டாச்சு. கேசு வந்த அன்னிக்கு கோர்ட்டு வாசல்ல அறுபது குட்டியானை வந்து நின்னுச்சு. மதினி மேல இருக்கிற பாசம்னு சொல்லிக்கிட்டோம், நெசம் என்னன்னா எப்பப் பேசும்னு காத்துக்கிட்டு நின்னோம். ஜட்ஜய்யா ஒல்லியா, மெதுவாப் பேசுற மனுசன், எதையும் ரெண்டு தடவ கேப்பாரு. "வெங்காயமா? வெங்காயமா."

சுந்தரவடிவேலோட வக்கீலு எந்திரிச்சு, கைய வீசி, ஒரு மணி நேரம் பேசுனாரு. "கனம் நீதிபதி அவர்களே, வித்த வெங்காயத்துக்கு விவசாயி உரிமை கொண்டாட முடியுமா? குரல் கடையில் குடுக்கப்பட்டது. அது இப்போது பொருள். இந்த அம்மா அந்தப் பொருளைப் போலவே தெருவில் பேசுவதால் என் கட்சிக்காரருக்கு நட்டம். வழக்கு முடியும்வரை இவர் பேசுவதற்குத் தடை விதிக்க வேண்டும்."

ஜெசிந்தா வக்கீலம்மா உக்காந்தபடியே, "வெங்காயத்த வித்தாங்க, வயல வித்தாங்களா?"ன்னுச்சு.

ஜட்ஜய்யா மதினியக் கூண்டுல ஏறச் சொன்னாரு. "சொல்லுங்கம்மா. சொல்லுங்க."

பதினேழு நாளா பூட்டிக் கெடந்த வாய் தொறந்துச்சு. வாசல்ல அறுபது கொழாயும் தொறந்துச்சு. அங்கிட்டு பழனியிலயும் நத்தத்துலயும் தாராபுரத்துலயும் நின்ன மிச்ச வண்டியெல்லாம் தொறந்துச்சு.

"அய்யா, எனக்குக் கல்யாணமாகி பதினாலு வருசம் எங்க வீட்டுல நான் சத்தமாப் பேசுனதில்ல. மாமியா இருந்த வரைக்கும், பொம்பளைக்குக் குரல் வாசல் தாண்டக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். இவரு நல்ல மனுசன், ஆனா இவரு குரலே வாசல் தாண்டாது..." அண்ணே குனிஞ்சுக்கிட்டாரு. "மாமியா போனப்பறம் ஒருநாளு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். உரிச்சாக் கண்ணுல தண்ணின்னு தானா வந்துச்சு. வதக்குனா நாக்குல தண்ணின்னு சேத்துக்கிட்டேன். அடுப்படியில யாருமில்ல. சத்தமாச் சொல்லிப் பாத்தேன். அய்யா, நான் மொத மொத எனக்காகச் சத்தம் போட்டது அதுதான். அந்தச் சத்தத்தத்தான் இந்த மொபைல் கடைக்காரரு என்னதுங்கிறாரு."

ஜட்ஜய்யா வாசப்பக்கம் பாத்தாரு. வாசல்லருந்து "என்னதுங்கிறாரு, என்னதுங்கிறாரு"ன்னு அறுபது மொழக்கம் கண்ணாடி அதிரக் கேட்டுச்சு. அவரு ஒண்ணும் அதிசயப்படல, பைலுல எதையோ குறிச்சுக்கிட்டாரு. அப்பறம் சுந்தரவடிவேலப் பாத்து, "உங்க சொத்துன்னு சொல்றீங்கல்ல. சொத்துன்னு. வெளியில ரொம்ப சத்தமா இருக்கு, கோர்ட்டு நடத்த முடியல. போய் உங்க சொத்த நிப்பாட்டிட்டு வாங்க. அம்மா, நீங்க பாட்டுக்குப் பேசுங்க."

மதினி பேசுச்சு. பதினேழு நாளாப் பேசாத பேச்சு, கேக்கணுமா? புளி அதிகம்னு சொன்ன நத்தத்துப் பொம்பளைகளுக்குப் பதில் சொல்லுச்சு, ஜாக்கெட்டு தச்ச டைலரம்மாவுக்கு நன்றி சொல்லுச்சு, எங்க இருநூத்துப் பதினஞ்சு பேரையும் பேரு சொல்லித் திட்டுச்சு, அதுல எனக்கு மட்டும் ரெண்டு தடவ. சுந்தரவடிவேலு வாசல்ல ஓடுறாரு. மொத வண்டியில சுவிச்ச அமுத்துனாரு, நிக்கல. பென் டிரைவப் புடுங்குனாரு, நிக்கல. ஒயர அத்தாரு, பேட்டரியக் கழட்டுனாரு, வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு வண்டி மேல ஏறி கொழாய்க்குள்ள துண்டச் சுருட்டித் திணிச்சாரு, அப்பவும் மதினி, "அந்தத் துண்டு அழுக்காகும்ணே"ன்னுச்சு. பதினோராவது வண்டியில ஏறுறப்ப மூச்சு வாங்கி உக்காந்துட்டாரு. மோசஸ்தான் தண்ணி குடுத்தான்.

அவரு வேர்த்து ஊத்தி உள்ள வந்து நின்னதும் ஜட்ஜய்யா மதினியப் பாத்தாரு. "அம்மா, இப்ப நீங்க நிப்பாட்டிப் பாருங்க."

மதினி உதட்ட மூடுச்சு. மேல ஃபேனு க்ரீச் க்ரீச்சுன்னு சுத்துறது அப்பத்தான் எங்களுக்குக் கேட்டுச்சு.

அந்தம்மாவப் பேசக்கூடாதுன்னு சொல்ல யாருக்கும் உரிமை கெடையாது, அந்தம்மா சம்மதம் இல்லாம அந்தக் குரல யாரும் யாவாரத்துக்குப் போடக்கூடாதுன்னு ஜட்ஜய்யா அன்னிக்கே இடைக்கால உத்தரவு போட்டாரு. ரசீத லேமினேசன் பண்ணி மாட்டி ஊர ஏமாத்தக் கூடாதுன்னும் சேத்துச் சொன்னாரு, ரெண்டு தடவ. சுந்தரவடிவேலு அடுத்த வாரமே மனுவத் திரும்ப வாங்கிட்டாரு.

ஆனா கோர்ட்டு உத்தரவு ஸ்பீக்கருக்குத் தெரியுமா? எல்லாரும் பென் டிரைவக் கழட்டிப் பையில போட்டுட்டோம், அப்பவும் மதினி தும்முனா நாலு ஜில்லாவும் தும்முச்சு. மதினி மறுபடி அண்ணங்கிட்டக் கையால பேச ஆரம்பிச்சுருச்சு. ஜெயிச்ச வீடு மாதிரியே இல்ல, வாய் பேசாத வீடு மாதிரி இருந்துச்சு. "கோர்ட்டு சொல்லியும் கேக்கலைன்னா நான் எங்கப்பா போவேன்?"னு ஒரே ஒரு தடவ கேட்டுச்சு, அதுவும் எல்லாருக்கும் கேட்டுச்சு.

அப்பறம் ஒருநாளு காலையில மோசஸ் வந்தான். உத்தரவுல சம்மதம்னு போட்டிருக்கே, கேட்டு வச்சுருவோம்னு வந்தான். வாசல்ல வண்டிய நிப்பாட்டி, எறங்கி, செருப்பக் கழட்டி, "அக்கா, உங்க குரல நான் போட்டுக்கட்டுமா?"ன்னு கேட்டான். மூணு வருசத்துல மதினிகிட்ட அப்படிக் கேட்ட மொத ஆளு அவன்தான். மதினி அவனையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "போட்டுக்க. ஆனா எடையில கைய வைக்கக் கூடாது"ன்னுச்சு. அப்பத்தான் ரெண்டு பேரும் கவனிச்சாக, அவன் தலைக்கு மேல இருக்கிற கொழாய் அதச் சொல்லல. மோசஸ் பென் டிரைவச் சொருகுனான். "வாங்கம்மா வாங்க, வாசலுக்கு வாங்க"ன்னு வெங்காயம் மட்டும் வந்துச்சு, வேற ஒண்ணும் வரல.

சேதி பரவுச்சு. ஒட்டன்சத்திரத்துல ஒரு கிலோமீட்டருக்குக் குட்டியானை வரிசை. ஒவ்வொருத்தனும் எறங்கி வந்து கேட்டான், கேட்டவன் வண்டி வாய மூடிக்கிச்சு. பள்ளிக்கூடத்துப் பக்கம் போறவனுக்குச் சத்தத்தக் கொறைக்கணும்னு மதினி சொல்லுச்சு. கல்யாண மண்டபத்துக்கு முன்னாடி போடக்கூடாதுன்னுச்சு. பதினஞ்சாவது ஆளா சுந்தரவடிவேலே வந்து நின்னாரு, தகர டப்பாவுல கல்லு ரொம்ப மெதுவா ஆடுச்சு. "போட்டுக்கங்கண்ணே, என் பேரப் போட்டு விக்கணும்"னுச்சு. இப்ப அவரு கடையில, சிங்கம் இருந்த எடத்துல, சொல்லும் குரலும் தவமணின்னு ஒரு போர்டு தொங்குது.

இருநூத்துப் பதினாலு வண்டிக்காரனும் கேட்டுட்டுப் போயாச்சு. மிச்சம் நான் மட்டும்.

நான் ஏன் போகலைன்னா, சொல்றேன், வெக்கந்தான். கேக்குறதுக்கு ஒரு குரல் வேணுமே. என் வண்டி மட்டும் மதினி வீட்டு வெசயத்தக் கத்திக்கிட்டே இருந்துச்சு, நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒருநாளு அதுலயே சேதி வந்துச்சு: "வெயிலு, சாயங்காலம் வீட்டுக்கு வா. வண்டியோட வா."

போனேன். மதினி வாசல்ல நிக்குது, பின்னாடி அண்ணே. நான் தொண்டையச் செருமிக்கிட்டு, ஜட்ஜய்யா குரல்ல, "குரலப் போட்டுக்கலாமா? குரல?"ன்னேன். மதினி தலைய ஆட்டுச்சு, இல்லைன்னு. ஜெசிந்தா வக்கீலம்மா குரல்ல கேட்டேன். இல்ல. அண்ணனோட புஸ்ஸு புஸ்ஸு குரல்ல கேட்டேன், அண்ணே என்னைய மொறச்சாரு.

"ஒன் வாயால கேளு"ன்னுச்சு மதினி. என் கொழாயும் "ஒன் வாயால கேளு"ன்னு தெருவுக்கே சொல்லுச்சு.

நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்பறம் எங்கிருந்தோ ஒரு மெல்லிசுக் குரலு, இளநிக்குள்ள ஸ்ட்ராவ விட்டு ஊதுற மாதிரி ஒண்ணு வந்துச்சு. "மதினி, அன்னிக்கே கழட்டச் சொன்னீக, நான் கழட்டல. உங்க குரல நான் போட்டுக்கட்டுமா?"

மதினி என்னையப் பாத்துச்சு. கொழாயப் பாத்துச்சு. மறுபடி என்னையப் பாத்துச்சு.

"மாட்டேன்"னுச்சு.

கொழாய் ஒண்ணும் சொல்லல. தெருவுல ஒருத்தரும் திரும்பல. மதினிக்கே நம்பிக்கையில்ல போல, கொஞ்சம் கிட்ட வந்து இன்னொரு தடவ, மிட்டாயி சப்புற மாதிரி நிதானமா, "தர மாட்டேன் வெயிலு. நீயே கூவிக்க"ன்னுச்சு. அப்பவும் அந்தச் சொல்லு எங்க மூணு பேரத் தாண்டி எங்கயும் போகல.

மதினி திரும்பி, எட்டி, மல மாதிரி நிக்கிற கோட்டைச்சாமி அண்ணே காதுல என்னமோ சொல்லுச்சு. அண்ணே மொகம் செவந்து போச்சு, பெறகு வயிறு குலுங்கச் சிரிச்சாரு, ரெண்டு பேரும் உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாக.

மறுநாளு பழனி அடிவாரத்துல நான் என் மெல்லிசுக் குரல்ல "வெங்காயம்"னு கூவிக்கிட்டுப் போறேன், சேதி எனக்கு முன்னாடியே போயிருச்சு போல, வாளிக்கார அம்மா ஓடி வந்து, வாளியக் கீழ வச்சுட்டு, கொழாய் பக்கம் நிமிந்து பாத்துக்கிட்டே கேட்டுச்சு, "ஏப்பா, நேத்துச் சாயங்காலம் அது அவரு காதுல என்னதான் சொல்லுச்சாம்?"

"தெரியலம்மா"ன்னேன். "எத்தன கிலோ போடட்டும்?"